மைனா எடுத்துக்கொடுத்த வசனம்

ஒரு காட்டில், மழைக்காலம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து நாடகம் போடுவார்கள். பெரிய குழு எல்லாம் இல்லை. வர விருப்பமுள்ளவர்கள் வரலாம். முள்ளம்பன்றிதான் வாத்தியார், மந்திரி வேஷமும் அதற்கே. திரைக்குத் துணி கிடையாது. மயில் தோகையை விரித்து நிற்கும். மடக்கினால் நாடகம் ஆரம்பம்.

இந்த வருஷம் புலி ராஜா வேஷம் முயலுக்கு. மூன்று வருஷமாக மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்த முயல், கெஞ்சி வாங்கிய வேஷம்.

"வசனம் தப்பினால் அடுத்த வருஷமும் பெருக்கத்தான் போவே, பார்த்துக்கோ," என்றது முள்ளம்பன்றி. முள்ளெல்லாம் விறைத்து நின்றன. அது கோபக்கார வாத்தியார் என்று காட்டுக்கே தெரியும்.

முயலுக்குப் புல் இறங்கவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். ரகசியமாக மைனாவைத் தேடிப் போனது. மைனா ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே ஒப்பிக்கும். யோசிக்காது.

"நான் பேசறதையெல்லாம் கேட்டு வச்சுக்கோ. மேடையில் நான் திணறினா பின்னாலிருந்து எடுத்துக்கொடு. ஒரு வார்த்தை விடக்கூடாது."

"விடமாட்டேன்," என்றது மைனா.

பத்து நாள் புதருக்குள் ஒத்திகை. முயல் வசனம் சொல்லும், நடுவே புலம்பும், மறுபடி சொல்லும். மைனா எல்லாவற்றையும் கேட்டது.

அந்த நாள் வந்தது. நாவல் மரத்தடியில் காடே உட்கார்ந்திருந்தது. காற்றே இல்லை, ஆனாலும் மயிலின் தோகை சலசலவென்று ஆடியது. பிறகு மடங்கியது.

"நான் இந்தக் காட்டின் ராஜா," என்றது முயல். அவ்வளவுதான். அடுத்த வரி வரவில்லை.

மைனா உரக்க எடுத்துக்கொடுத்தது. மெதுவாகப் பேச அதற்கு வராது. "பயம் என்றால் என்னவென்றே அறியேன். ஐயோ, காலெல்லாம் நடுங்குதே. அடுத்தது என்ன? அந்த முள்ளுப் பய என்னைக் கொன்னுடுவானே."

குரங்குகள் சிரித்து உருண்டன. முயல் ஓடத் திரும்பியது. வழியில் மந்திரி நின்றது, அத்தனை முள்ளும் விறைத்தபடி.

"ராஜாவே, எனக்கும்தான் நடுங்குகிறது," என்றது முள்ளம்பன்றி, எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு முயலின் காதில், "இந்த முள்ளு கோபத்துலயா நிக்குதுன்னு நினைச்சே? வருஷா வருஷம் பயத்துலதான்டா நிக்குது. என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதே."

"என் தோகை மட்டும் ஏன் ஆடுச்சாம்?" என்றது ஓரத்தில் மயில்.

முயல் இரண்டு பேரையும் பார்த்தது. மெல்ல மேடையின் நடுவுக்கு வந்தது.

"மந்திரியே, ராஜாவும் நடுங்கி, மந்திரியும் நடுங்கினால் இந்தக் காட்டை யார் காப்பாற்றுவது?" நாடகத்தில் அப்படி ஒரு வரியே இல்லை.

"சேர்ந்து நடுங்கிக்கொண்டே காப்பாற்றுவோம், ராஜாவே."

காடு மறுபடி சிரித்தது. இந்தச் சிரிப்பு முயலுக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகும் நாலு இடத்தில் வசனம் தப்பியது. நாலு தடவையும் மைனா "ஐயோ"வோடு சேர்த்தே எடுத்துக்கொடுத்தது. முயல் அந்த "ஐயோ"வையும் ராஜா மாதிரியே சொன்னது.

தோகை மறுபடி விரிந்ததும், மூச்சு வாங்க முயல் கேட்டது: "வாத்தியாரே, அடுத்த மழைக்காலம் எப்போ?"

நீதி: பயத்தை ஒளித்து வைக்காதே, கூட நிற்பவரிடம் சொல்லிவிடு.