நூற்று முப்பத்திரண்டு பேர்

கருங்கல்முனைக் கடற்கரையில் வருடத்துக்கு ஒரு நாள் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். அன்று மட்டும் அழகுநாச்சி வைத்ததுதான் சட்டம். மற்ற நாளெல்லாம் அவள் கருவாட்டுக் கூடை சுமக்கிறவள். குரு என்று அவளை யாரும் சொன்னதில்லை. சொன்னால் கூடையோடு அடிக்க வருவாள். ஆனாலும் அவளுக்கு ஒரு சீடன் வாய்த்தான்.

சீடனுக்கு வயது நாற்பத்து நாலு. பெயர் கோட்டைச்சாமி. ஐந்து முறை போட்டியில் முதலாவதாக வந்து, ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிய ஆள். விசைப்படகின் கயிற்றில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் போன பிறகு பாய்க்கயிறு பிடிக்க முடியாமல் போயிற்று. கரையில் நின்று கைதட்ட மனம் வரவில்லை. நேரே நாச்சியிடம் வந்தான்.

"கொடி பிடிக்கக் கத்துக்குடுங்க மதினி."

"கொடி பிடிக்க ஒரு கை போதும். திட்டு வாங்கத்தான் ரெண்டு காதும் வேணும். இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வா."

நாலு வருடத்துக்கு முன்பு அவளிடம் அவன் நடந்துகொண்ட விதத்துக்கு, அவள் கதவைச் சாத்தியிருந்தாலும் தப்பில்லை. அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவனாக எடுக்கவும் வாய் வரவில்லை. உள்ளே முள்ளாகத்தான் கிடந்தது.

இரண்டு வருடம் அவள் பின்னாலேயே திரிந்தான். சட்டம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு படகுக்கு ஆறு பேர். இறங்குமுன் ஒவ்வொருவர் பெயரையும் நாச்சி கூப்பிடுவாள். அவரவர் வாயால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மிதவைச் சட்டையின் முடிச்சை அவளே இழுத்துப் பார்ப்பாள். வெள்ளைக் கொடி ஏறினால் போட்டி. சிவப்பு ஏறினால் ஒரு படகும் தண்ணீரைத் தொடக்கூடாது. ஏறிய சிவப்பு, வானம் பொன்னாகப் பொழிந்தாலும் அன்றைக்கு வெள்ளையாகாது. மாலையில் மறுபடியும் பெயர் கூப்பிடுவாள். ஆள் கண்ணில் பட்ட பிறகு நோட்டில் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு. கடைசிக் கோடு விழும்வரை கொடி இறங்காது.

இந்த மாலைக் கூப்பாடு கோட்டைச்சாமிக்கு ஆகாது. பந்தலில் மாலையும் மேளமும் காத்துக் கிடக்கும்போது, இவள் மணலில் நின்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பெயர் வாசிப்பாள்.

"தலையை எண்ணினாப் போதாதா மதினி?" என்று ஒருநாள் கேட்டான்.

நாச்சி தகரப்பெட்டியைத் திறந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பதினாலு வருடத்துக்கு முந்தையது. அப்போது கொடி அவள் புருஷன் கையில் இருந்தது. கடல் சரியில்லாத நாளில் கூட்டம் நெருக்கியது, அவர் வெள்ளையை ஏற்றிவிட்டார். பரிசு கொடுத்து, மேளம் அடித்து, பந்தலையும் பிரித்த பிறகுதான் ஒரு பெண் வந்து "எங்க வீட்டு ஆளு எங்க?" என்று கேட்டாள். நாச்சி எல்லாப் பெயரையும் யோசித்து எழுதிக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஆளைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டிருந்தாள். நூற்று முப்பத்தொரு கோடு. ஒன்பதாம் படகில் வேலுச்சாமி என்ற பெயருக்கு நேரே எதுவும் இல்லை. அவள் புருஷன் அதன் பிறகு கொடியைத் தொடவில்லை. அடுத்த வருடம் அவள் எடுத்தாள்.

கோட்டைச்சாமி நோட்டை மூடிக் கொடுத்தான். அந்தக் கேள்வியை மறுபடி அவன் கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்.

"எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"

அவனைக் கடலோரம் கூட்டிப்போய், ஊரைப் பார்க்க நிறுத்தினாள்.

"என்ன தெரியுது?"

"ஆளுக."

தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இப்ப?"

"கடலு."

"இப்படியே நில்லு. அங்கிட்டுத் திரும்பிப் பாத்து முடிவு பண்ணுன அன்னைக்குக் கொடியை வேற ஆளுகிட்ட குடுத்துரு."

இந்த வருடம் போட்டி நாள் காலையில் இரண்டு கொடியையும் நோட்டையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, நாச்சி வலைக்குவியல் மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். 

இருபத்திரண்டு படகு. பத்தாம் படகில் சுக்கான் பிடிப்பவன் சேதுகாவலன். கோட்டைச்சாமியின் மனைவிக்குத் தம்பி, இவனிடமே தொழில் கற்றவன். இன்னும் பத்து நாளில் மீன்பிடிக்க பஹ்ரைனுக்கு விமானம் ஏறுகிறான். திரும்பி வர எத்தனை வருடம் ஆகுமோ, அவனுக்கே தெரியாது. "போறதுக்குள்ள ஒரு தடவை முதல்ல வந்துட்டுப் போயிடணும் மச்சான்" என்று ஆறு மாதமாக ஒரே பேச்சு. இந்தத் தடவை முதலாவதாக வந்துவிடுவான் என்று எல்லோருக்குமே தெரிந்திருந்தது.

பெயர் கூப்பிட்டு முடிந்தது. நூற்று முப்பத்திரண்டு "இருக்கேன்". வெள்ளையை ஏற்றக் கை போன நேரத்தில், காலையிலிருந்து தென்மேற்கே இருந்து வீசிய கச்சான் காற்று சட்டென்று நின்றது. கரையில் கட்டிய தோரணமெல்லாம் தொங்கிப் போயிற்று. மேற்கே பனைமரங்களுக்குப் பின்னால், தாழ்வாக, கோடு போட்டாற்போல் ஒரு கறுப்பு மேகம்.

அது உடைந்து காற்றாக வந்தால், நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும். படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய கொடிக்கம்பம் கடலுக்குள் ஏழு மைல் தள்ளி. அவ்வளவு பெரிய பாயை ஏந்திய படகுகள் தள்ளாடிக் கவிழும். விழுந்தவர்களைத் தூக்கிவர இருப்பது இரண்டே விசைப்படகு.

வரலாம். வராமலும் போகலாம்.

"இன்னும் சில நிமிடங்களில்!" என்று மைக் கத்தியது. "மழை பெஞ்சா நனைஞ்சுக்கிறோம், கொடியை ஏத்துய்யா!" என்று யாரோ சிரித்தார்கள். கோட்டைச்சாமி நாச்சியைப் பார்த்தான். அவள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஊருக்கு முதுகைக் காட்டி நின்றான்.  சிவப்பை ஏற்றினான்.

மேகம் வரவில்லை.

வடக்கே சாய்ந்து எங்கோ போய்விட்டது. ஒரு தூறல்கூட இல்லை. ஒரு மணிக்குக் கச்சான் திரும்பி வந்தது, பாய்க்கென்றே அளந்து வெட்டிய மாதிரி. கடல் கோரைப்பாய் விரித்தாற்போல் கிடந்தது. இப்போதாவது வெள்ளையை ஏற்று என்றார்கள். மாட்டேன் என்றான். அதற்குப் பிறகு அவன் காதில் விழுந்ததை எழுத முடியாது.

நாலு மணிக்கு நாச்சியின் முன்னால் வந்து நின்றான்.

"தப்புப் பண்ணிட்டேன் மதினி. வேற ஆளைப் பாருங்க."

"பேரு கூப்பிட்டாச்சா?"

"என்னத்தைக் கூப்பிட? போட்டியே நடக்கலையே."

"காலையில கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"அப்ப சாயங்காலமும் கூப்பிடணும். கொடி இன்னும் மேலதான இருக்கு?"

கோட்டைச்சாமி மணலில் உட்கார்ந்துவிட்டான். "எங்க போயி கூப்பிட? காலையில இருந்து அத்தனை பேரும் வந்து என்னைக் காறித் துப்பிட்டுப் போயிருக்கான்."

"யாரு யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னு எம் நோட்டுல பேரு இல்லை. முதப் படகு?"

 அவள் பென்சிலை நீட்டினாள்.

"ஆறு பேரும் சேந்து வந்தாங்க. கொடிக்குப் பதிலா சேலையைக் கட்டிக்கிட்டு உக்காருன்னாங்க."

"சேலை கட்டுனவதான் பதிமூணு வருசமாப் பிடிச்சேன். ஆறு கோடு போடு. மூணாம் படகு?"

"எங்க வீட்டு வாசல்ல மண்ணை வாரித் தூத்துனாங்க. அஞ்சு பேரு."

"ஆறாவது ஆளு?"

"எம் பொண்டாட்டிகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுத் திட்டுனாரு."

"தாகத்தோட திட்டலாமா பாவம். போடு. ஏழாம் படகு?"

"மைக்கை வாங்கித் திட்டுனாங்க."

"எனக்கும் கேட்டுச்சு. ஆறு குரலும் இருந்துச்சு."

இப்படியே படகு படகாகப் போனது. பதினெட்டாம் படகில் பென்சில் நின்றது.

"நாகசாமி அண்ணன் திட்டலை. என்னைப் பாத்தாரு, துப்பிட்டுப் போயிட்டாரு."

"நல்லாப் பாத்தியா? அவருதானா?"

"அவருதான்."

"போடு."

இருபத்திரண்டு படகும் முடிந்தது. நோட்டைத் திருப்பி அவள் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். பத்தாம் படகில் விரல் நின்றது.

"உம் மச்சினன் என்ன சொன்னான்?"

கோட்டைச்சாமி தலையைக் குனிந்தான். "அவன் வரவே இல்லை மதினி. சிவப்பு ஏறுனதும் சட்டையைக் கழட்டி எறிஞ்சிட்டுப் போனவன்தான்."

"எந்தச் சட்டை?"

"மிதவைச் சட்டை."

நாச்சி எழுந்துவிட்டாள்.

"படகு?"

"மணல்லதான் கிடக்கு."

"அவுக அப்பனோட சின்ன வள்ளம்?"

 கோட்டைச்சாமியின் கண்ணுக்குள் பழைய நோட்டின் ஒன்பதாம் படகு வந்து நின்றது.

"நிறுத்துன நாள்லதான் வீம்புக்குப் போவாங்க. ஓடு" என்றாள்.

ஓடினான். வள்ளம் கிடக்கும் இடத்தில் அது இல்லை. மணலில் இழுத்த தடம் மட்டும் வடக்கே கழிமுகத்துப் பக்கம் போனது. தடத்தோடு ஓடினான். ஐந்து முறை ஜெயித்த போதெல்லாம் கும்பிடாத சாமியை அந்த அரை மைலில் கும்பிட்டான்.

வள்ளம் பாதி தண்ணீரில் நின்றது. பாய் ஏறியிருந்தது. சேதுகாவலன் சுக்கானைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"மாப்ள."

"கிட்ட வராத. கொடிக்கம்பத்தைச் சுத்திட்டு வரப்போறேன். இந்தக் காத்துல கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்."

"போவ."

"அப்புறம் ஏன் நிறுத்துன?"

"காலையில எனக்குத் தெரியலை மாப்ள."

"தெரியாமத்தான் நிறுத்துனியா?"

"ஆமா."

சேதுகாவலன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. "அடுத்த வருசம் ஊருக்கு இருக்கு. எனக்கு இருக்கா மச்சான்? சொல்லு, எனக்கு எந்த வருசம்?"

 இந்த வருடத்தைப் பறித்தது கோட்டைச்சாமிதான், திருப்பிக் கொடுக்க வழியும் இல்லை. இடுப்புத் தண்ணீரில் இறங்கி, மூன்று விரல் கையால் வள்ளத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டான். நோட்டை நனையாமல் தலைக்கு மேல் தூக்கினான். காலையில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டான்.

"பத்தாம் படகு. சேதுகாவலன்."

அவன் சுக்கானை இறுக்கிப் பிடித்தான்.

"சேதுகாவலன்."

பாய் படபடத்தது.

"சேதுகாவலன்!"

"இருக்கேன்டா! செத்துப்போகலை, உசுரோடதான் இருக்கேன்! உன் மூஞ்சியில முழிக்கத்தான் பிடிக்கலை! இனி எங்க அக்கா வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், போடா!"

கத்திவிட்டுப் பாய்க்கயிற்றை அவிழ்த்து எறிந்தான். பாய் சரிந்து விழுந்தது. வள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேறிப் போனான். அவன் முதுகு மறையும்வரை கோட்டைச்சாமி தண்ணீரிலேயே நின்றான். பிறகு கரைக்கு வந்து நோட்டை முழங்காலில் வைத்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒரு கோடு போட்டான்.

அவன் திரும்பி வந்தபோது சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நாச்சி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நோட்டை வாங்கினாள், பத்தாம் படகைப் பார்த்தாள், மூடினாள்.

"இறக்கு" என்றாள்.

அவன் சிவப்புக் கொடியை இறக்கி நாலாக மடித்தான். மடித்ததைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"மதினி."

"சொல்லு."

"நாலு வருசத்துக்கு முந்தி நீங்களும் சிவப்பை ஏத்துனீங்க. அன்னைக்கும் ஒண்ணும் வரலை. இருட்டுற நேரத்துக்கு நான் உங்க வாசல்ல வந்து வாயில வந்ததெல்லாம் பேசுனேன். புருசன் கொன்னது பத்தாதா, நீ வேற ஊரு பொழப்பைக் கெடுக்குறியான்னு கேட்டேன். கருவாட்டுக் கூடையை எத்தி விட்டேன்."

"ஆமா. ஒரு கூடை நெத்திலி."

"நீங்க ஒரு வார்த்தை பேசலை. அப்ப என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க?"

நாச்சி அவன் கையிலிருந்த கொடியை வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

"அன்னைக்குக் காலையில இருந்து நூத்தி முப்பத்தோரு பேரு வந்து திட்டிட்டுப் போயிட்டாங்க. உன்னைத்தான் காணோம். நீ வந்து கூடையை எத்துனதும் உன் பேருக்கு நேரா கோடு போட்டேன். அதுக்கப்புறம்தான் பச்சைத் தண்ணி பல்லுல பட்டுச்சு."