பொறுமையை அளந்த பண்டிதர்

ராஜாவின் குழந்தை ஓயாமல் அழுதது. தொட்டிலாட்ட வந்த பெண்கள் எல்லோரும் சலித்துப்போய் ஓடிவிட்டார்கள். தூக்கம் கெட்டு ராஜாவுக்குக் கண் எரிந்தது. "அடுத்து வருகிறவளின் மனசுக்குள் இருக்கும் பொறுமையைக் கேள்வி கேட்டே அளந்துவிடுவேன்" என்றார் அரண்மனைப் பண்டிதர்.

லாயத்தில் சாணம் அள்ளும் ஒச்சாயி அந்த வேலை கேட்டு வந்து நின்றாள். அவள் வீட்டில் அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது.

"உனக்குக் கோபம் வருமா?"

"வராதுங்க சாமி."

"யாராவது திட்டினால்?"

"வராதுங்க சாமி."

"தூக்கத்தைக் கெடுத்தால்?"

"வராதுங்க சாமி."

ஒரே கேள்வியைப் பண்டிதர் மாற்றி மாற்றிக் கேட்டார். பொய் சொல்கிறவள் எங்காவது பதிலை மாற்றிவிடுவாள் என்பது அவர் கணக்கு. பொழுது சாய்ந்தது. ராஜா கொட்டாவி விட்டார். பதில் மட்டும் மாறவில்லை.

பண்டிதருக்குத் தொண்டை வறண்டது. சுவடியைத் தரையில் அடித்தார். "எதைக் கேட்டாலும் இதையே சொல்கிறாயே, உனக்கு வேறு பேச்சே கிடையாதா?"

"நீங்களும் அதையேதானே கேக்குறீங்க, சாமி" என்றாள் ஒச்சாயி அலுப்போடு. "இன்னும் கேளுங்க, இருக்கேன்."

ராஜா எழுந்தார். "பண்டிதரே, உம்முடைய தேர்வு சரியாகத்தான் அளக்கிறது. குழந்தையை இவளிடம் கொடுத்துவிடும். நீர் மட்டும் தொட்டில் பக்கம் போகாதீர்."