மணி அடிக்காத போன்

“மஸ்ட் ஒண்ணு போதும் டீச்சர். மே, மைட் எல்லாம் எனக்கு எதுக்கு?” என்றார் குற்றாலிங்கம்.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜவுளிக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. ரெஜினா டீச்சருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. அன்றைய பாடம், தெரியாத விஷயத்தை ஊகித்துச் சொல்வது.

“ஏன் அண்ணாச்சி வேண்டாங்கீங்க?”

“மைட்டுன்னா இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மஸ்ட்டுன்னா அடிச்சுச் சொல்லுதோம். நான் எதையும் அடிச்சுத்தான் சொல்லுவேன்.”

பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது லாரியா வேனா என்று ஹாரன் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அந்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை.

“சரி, ஒரு வாக்கியம் சொல்லுங்க.”

அவர் யோசிக்கவே இல்லை.

“மை சன் மஸ்ட் ஹேட் மீ.”

சிரிக்க வாய் திறந்த ஒருவர் அப்படியே அடங்கிவிட்டார்.

மகன் நியூசிலாந்தில் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். ‘இனி எம் மூஞ்சியில முழிக்காதே’ என்று இவர் போனை வைத்தார். அதோடு பேச்சு நின்றது. பேரன் பிறந்த சேதிகூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் காதுக்கு வந்தது. அவனுக்குத் தமிழ் வராதாம். ஏன் இந்த வயதில் இங்கிலீஷ் என்று கேட்டால், “பொழுது போகணும்லா” என்பார். பாவம், அதை யாரும் நம்பவில்லை.

“மகனுக்கு வெறுப்புன்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?”

“போன் பண்ண மாட்டேங்கானே. வேற என்ன காரணம் இருக்க முடியும்?”

டீச்சர் சாக்பீஸை எடுத்துப் போர்டில் ஒரு போன் வரைந்தார். எதிரே அதையே பார்த்துக்கொண்டு ஓர் ஆள். பார்க்கச் சகிக்காத படம்.

“இவர் வெளிநாட்டுல இருக்காரு. ஊர்ல இருந்து இவரோட அப்பா வருஷக்கணக்கா போனே பண்ணலை. ஏன்? ஊகிச்சுச் சொல்லுங்க.”

குற்றாலிங்கம் நாற்காலியில் நெளிந்தார்.

“ஹிஸ் ஃபாதர் மைட் பி ஆங்ரி” என்றான் செல்போன் கடை ரசாக்.

“ஹி மைட் ஹேவ் லாஸ்ட் த நம்பர்.” இது தையல் கடைக்காரர்.

“நம்பரெல்லாம் மனப்பாடம்” என்று குற்றாலிங்கம் முனகினார். யார் காதிலும் விழவில்லை.

“ஹி மஸ்ட் ஹேட் ஹிஸ் சன்” என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

“சேச்சே!”

குற்றாலிங்கத்தின் இந்தச் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. டீச்சர் திரும்பவில்லை.

“கோமதி, நீ சொல்லு.”

நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு முயல்கிற பெண். குற்றாலிங்கம் வீட்டுக் கதை அவளுக்குத் தெரியாது, வகுப்பில் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. படத்தை நன்றாகப் பார்த்தாள்.

“கோபமா இருந்தாலும் எந்த அப்பாவும் இவ்வளவு காலம் பேசாம இருக்க மாட்டாங்க டீச்சர்” என்றாள் வருத்தத்தோடு. “ஹி மஸ்ட் பி டெட்.”

குற்றாலிங்கம் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“உயிரோடதான் இருக்கேன்! தினம் அந்தப் பய நெனப்பாத்தான் இருக்கேன்!”

கோமதி பதறிப்போய் டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் டஸ்டரை எடுத்து அந்த ஆளை அழித்தார். போனை அழிக்கவில்லை.

“எங்ககிட்ட சொல்லி என்ன பிரயோசனம் அண்ணாச்சி?”

கீழே சங்கரன்கோவில் பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

குற்றாலிங்கம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரல் தடுமாறாமல் எண்களைத் தட்டியது, கடைசி எண்ணில் நின்றுவிட்டது.

“இப்ப அங்க நடுராத்திரி டீச்சர். தூங்கியிருப்பான்.”

“தூங்காமலும் இருக்கலாம் அண்ணாச்சி.”

குற்றாலிங்கம் கடைசி எண்ணை அழுத்தினார்.