தளவாயின் மீசை

முன்னொரு காலத்திலே பொன்னரம்பு நாட்டை அனவரதன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் எடுப்பார் கைப்பிள்ளை. காலையில் யார் வந்து காதைக் கடித்தாலும், மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும்.

காதைக் கடிப்பதில் பலே ஆசாமி, படைத்தலைவரான தளவாய் வீரகேசரி. ஆள் பாதி, மீசை பாதி. "ஏவலாட்கள் பெரிய மனிதர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தால் சாட்டையடி" என்று ஒரு சட்டம் போட வைத்தார். மறுநாளே அகப்பட்டவர் அரண்மனை நாவிதர் மாசாணம். என்ன குற்றம்? வழியில் தளவாயைப் பார்த்து, "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டார், பாவம்!

சபையில் மாசாணத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதுகுத் தோல் மிஞ்சுமா என்ற கவலை அவருக்கு. பார்த்த மந்திரி நன்னம்பிக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனால் சட்டம் தப்பென்று நேரே சொன்னால் ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருமே!

"அரசே, அருமையான சட்டம்! அடியை நாளைக்கு வைத்துக்கொள்வோம். மாலையில் யானை ஊர்வலம். தளவாய் முகம் முள்ளுக்காடாக இருக்கிறது. முதலில் சவரம் ஆகட்டும். முகத்தைப் பார்க்கக் கூடாதே, அதனால் மாசாணத்தின் கண்ணைக் கட்டிவிடுவோம்" என்றார்.

"பேஷ், பேஷ்!" என்று ராஜா தொடையில் தட்டினான்.

தளவாய்க்குத் திக்கென்றது. தான் வெட்டின குழியாயிற்றே! உட்கார்ந்தார். கண்ணைக் கட்டும் சாக்கில் நன்னம்பி, "கத்தி அவர் மேலே பட வேண்டாம் அண்ணே, தீட்டினாலே போதும்" என்று மாசாணத்தின் காதில் சொல்லிவைத்தார்.

சரக், சரக் என்று கத்தி தீட்டும் சத்தம். மாசாணத்தின் கை தடவித் தடவி எதையோ பிடித்தது.

"இது தாடைங்களா, சாமி?"

"மூக்குய்யா, மூக்கு!"

"மன்னிக்கணும். அப்போ இது?"

"ஐயோ, காது!"

சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தளவாய் துள்ளிய துள்ளலில் அவரே போய்க் கத்தியில் பட, மீசையின் ஒரு நுனி மடியில் விழுந்தது.

"கட்டை அவிழுங்கள்! பார்க்கட்டும், என்னைக் கண்ணாரப் பார்க்கட்டும்!"

"பார்த்தாலும் குற்றம், பார்க்காவிட்டாலும் கூப்பாடு. இதற்கு என்ன நியாயம் தளவாயாரே?" என்றார் நன்னம்பி.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு சட்டென்று நின்றது. கை தன் கழுத்தைத் தடவியது. இத்தனை காலமும் இந்தக் கழுத்தை நம்பி யாரிடம் சவரத்துக்குக் கொடுத்தோமோ, அந்த மனிதரை ஒரு வார்த்தை நலம் விசாரித்தோமா என்று வெட்கம் பிடுங்கியது.

"இந்த நிமிஷமே சட்டம் ரத்து! தளவாயே, வேண்டியதை மரியாதையாகக் கேளும்."

தளவாய் மாசாணத்தின் பக்கம் திரும்பினார். "மாசாண அண்ணே... கொஞ்சம் பார்த்துச் சிரையுங்கள்."

கட்டு அவிழ்ந்தது. சவரம் நல்லபடியாக முடிந்தது. ராஜா எழுந்து மாசாணத்தின் அருகே வந்து, முகத்துக்கு நேரே கேட்டான்.

"அண்ணே, சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லீங்க" என்றார் மாசாணம்.

இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகுதான் யானையே கிளம்பியது. ஒரு பக்கம் குட்டை மீசையோடு பின்னால் வந்த தளவாய், வழியில் கண்ட குதிரைக்காரர், கூடைக்காரி ஒருவர் விடாமல், "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனாராம்!