கூர் இல்லாத குறுவாள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் குறுவாள் ஆசை வந்தது. திருவிழாவன்று இடுப்பில் செருகிக்கொள்ள, கிளித்தலைக் கைப்பிடியும் பொன்கொடி ஓடும் வாளலகுமாக ஒன்று வேண்டும் என்றார். வீரபத்திர ஆசாரி இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்தார். கிளியின் கண்ணுக்குச் சிவப்புக்கல் தேடவே மூன்று மாதம் ஆயிற்று, பாவம்.

மந்திரி சோமராயருக்கு வயிறு எரிந்தது. அந்த வேலை தம் மைத்துனனுக்கு வரவேண்டியது என்பது அவர் எண்ணம். திருவிழாவுக்கு முதல்நாள் காலையில் தாமே பட்டறைக்குப் போய்க் குறுவாளை எடுத்துவந்தார். ஆசாரி பின்னாலேயே ஓடிவந்தார்.

சபையில் ராஜா வாளை உருவி, ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டினார். பழம் வெட்டுப்படாமல் நழுவி உருண்டு சோமராயர் காலடியில் நின்றது.

"மகாராஜா! தங்களுக்கு இது அவமானம். ஆசாரியின் கட்டைவிரலை வெட்ட உத்தரவிடுங்கள்" என்றார் சோமராயர்.

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா, கோபத்தில்.

ஆசாரி கட்டைவிரலை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டார். விரல் போனால் பிழைப்பும் போயிற்றே! அப்போது விகடகவி அம்பலக்கூத்தன் எழுந்தான்.

"மகாராஜா, குற்றம் இந்தக் குறுவாளில்தானே? இதைத் தவிர வேறு ஆயுதம் தொடக்கூடாது என்று கட்டளையிடுங்கள். மந்திரியாரே வெட்டட்டும்."

"நல்லது, அதுவே என் கட்டளை" என்றார் ராஜா.

சோமராயர் அறுத்தார், அழுத்தினார், வியர்த்து வழிந்தார். விரலில் ஒரு கோடு விழுந்ததுதான் மிச்சம்.

"வெட்டியிருந்தால் வாளில் கூர் இருக்கிறது, ஆசாரிமேல் குற்றமில்லை" என்றான் கூத்தன். "வெட்டவில்லை, வேறு ஆயுதம் தொடவும் கட்டளையில்லை. எப்படியானாலும் விரல் ஆசாரிக்குத்தான், மகாராஜா!"

ராஜாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏன் ஐயா கூர் வைக்கவில்லை?" என்று ஆசாரியைக் கேட்டார்.

"கைப்பிடியில கல்லு பதிக்கறப்ப அலகத்தான் இறுக்கிப் பிடிக்கணும், சாமி. முன்னாடியே தீட்டினா என் கை போயிடும். அதனால கூரு வைக்கறது கடைசி வேலை. ஒரு நாள் பொறுங்கன்னு மந்திரி ஐயா கால்ல விழுந்தேன். கேக்கலையே!"

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஆசாரிக்குத் தங்கக் காப்பு, கூத்தனுக்கு முத்துமாலை.

"இன்னும் என்ன வேண்டும், கூத்தா?"

"பாக்கியிருக்கும் ஒரு நாள் வேலையை மந்திரியார் முடிக்கட்டும், மகாராஜா. பொன்கொடியில் கீறல் விழாமல்."

அன்று சாயங்காலம் வரை சோமராயர் சாணைக்கல்லின் முன் உட்கார்ந்திருந்தார். "மெதுவா, ஐயா, மெதுவா" என்று ஆசாரி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். எலுமிச்சம்பழம் இரண்டாகப் பிளந்தபோது, சோமராயரின் இரண்டு கட்டைவிரலும் பணியாரம்போல் வீங்கியிருந்தன.