திரும்பிப் பார்க்காதவள்

குப்புராசு வாத்தியார் ஓய்வு பெற்ற கையோடு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். மடத்துச் சாமியைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் சீடர்தான். பாட்டிலும் கதையிலும் பிள்ளையைக் கைவிட்ட தாய்மார்களைப் பற்றி மூன்று வருடமாக ஒரு நோட்டில் எழுதி வந்தார். அதில் ஒரு தாய்க்குக்கூட அவர் இரக்கம் காட்டவில்லை.

அன்று காலை சாமி மடத்துக் கொல்லையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வாத்தியார் பின்னாலேயே நடந்து கடைசி அத்தியாயத்தை வாசித்தார். பெற்ற பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகும் ஒருத்தியைப் பற்றிய நாட்டுப்பாட்டு அது.

"பிள்ளை வீறிட்டு அழுறது கேட்டும் திரும்பல சாமி. கல் நெஞ்சுக்காரி. இதுக்கு வேற அர்த்தம் உண்டா?"

சாமி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். நோட்டைக் கேட்டு வாங்கினார். நேரே போய்க் குப்பைமேட்டில், முந்தின நாள் சாப்பிட்டுப் போட்ட இலைகளின் மேல் வைத்தார்.

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"திரும்பிப் பார்க்காம கிணத்தடி வரைக்கும் நடங்க."

நடந்தார். பின்னால் ஒரு மாடு வந்து இலையை இழுக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாவது அடியில் திரும்பிவிட்டார். ஓடிப்போய் நோட்டை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"வெறும் காகிதம் வாத்தியாரே. உங்களால முடியல. அவளால எப்படி முடிஞ்சுது?"

"பாசம் இல்ல. அதனால முடிஞ்சுது." இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததையும் கோபத்தில் சொல்லிவிட்டார். "நானும் குப்பையில கிடந்தவன்தான் சாமி. எதிர்வீட்டுக்காரி தூக்கிட்டு வந்து வீட்டுல கொடுத்தாளாம். பெத்தவ என்னை ஒருநாளும் அம்மான்னு கூப்பிட விடல. அத்தைன்னுதான் கூப்பிடணும். அவதான் பெத்தவன்னு பன்னெண்டு வயசுல ஊரார் சொல்லித் தெரிஞ்சுது. இப்போ படுத்த படுக்கையா கிடக்கா. என்னைப் பார்க்கணுமாம், ஆள் மேல ஆள் வருது. நான் போகல."

"உங்களுக்கு முன்னாடி பிறந்தவங்க?"

"மூணு பேர். ஒண்ணும் தங்கல."

"பிள்ளை தங்காத வீட்ல அடுத்ததைக் குப்பையில போட்டு எடுக்கிறது வழக்கம். வேண்டாத பிள்ளைன்னு எமன் விட்டுட்டுப் போகணும். குப்புன்னு பேர் வைக்கிறதும் அதுக்குத்தான். பெத்தவ திரும்பிப் பார்த்தா அவனுக்குத் தெரிஞ்சிரும். பிள்ளை அம்மான்னு கூப்பிட்டாலும் தெரிஞ்சிரும். வெளியில சொன்னா பலிக்காதுன்னு சில பேர் வாயே திறக்க மாட்டாங்க."

வாத்தியாரின் முகம் வெளுத்துவிட்டது. நோட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"எனக்கு அறுபத்தோரு வயசு சாமி. இனிமே அவளுக்கு என்ன பயம்? இப்போவாவது சொல்லியிருக்கலாமே?"

சாமி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

"நீங்க அஞ்சாவது அடியில திரும்பிட்டீங்க வாத்தியாரே. அவ அறுபத்தோரு வருசமா இன்னும் நடந்துக்கிட்டிருக்கா."