மலைக்குள் ஒரு வளைவு

கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே. கடலுக்கு அப்பால், யவன தேசத்தில் ஒரு தீவு இருந்தது. ஊர் ஒரு பக்கம், ஊற்று மறுபக்கம், நடுவே பெரிய மலை.

பகைவர் வந்து வளைத்துக்கொண்டால் ஊர் தாகத்தில் செத்துப்போகும். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவர அரசன் ஆசைப்பட்டான். எர்மோன் என்ற கணித அறிஞன் முன்வந்தான்.

"இரண்டு பக்கமும் ஒரே நாளில் தொடங்குவோம், மன்னா. நடுவில் இரண்டு குகையும் சந்திக்கும்."

"சந்திக்காவிட்டால்?"

"என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

வடக்குப் பக்கம் வெட்ட வந்தவன் தலைமைக் கல்தச்சன் தோரியன். அவனுக்கு எர்மோன்மேல் நம்பிக்கை வரவில்லை.

எர்மோன் மூலைமட்டமும் கயிறுமாக மலையைச் சுற்றியே நடந்தான். மேலே ஏறவில்லை. 'ஏறாதவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்?' என்று தோரியன் சந்தேகப்பட்டான். எர்மோன் மணலில் முக்கோணம் வரைந்தான். 'காற்றடித்தால் கலையும் கோடு கல்லுக்கு வழி காட்டுமா?' என்று சந்தேகப்பட்டான். எர்மோன் ஒரு நாளும் உளியைத் தொடவில்லை. 'இவன் பகைவரின் ஒற்றனோ?' என்று சந்தேகப்பட்டான்.

எர்மோன் சொன்ன விதி ஒன்றுதான். "பத்து முழத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார். குகைவாயின் வெளிச்சம் தெரிந்தால் நீ நேராகப் போகிறாய்."

"திரும்பித் திரும்பிப் பார்க்க நான் என்ன மாமியார் வீட்டுக்குப் போகிற மணப்பெண்ணா?" என்றான் தோரியன். ஆட்கள் சிரித்தார்கள்.

தெற்குப் பக்கம் பாறை சரிந்தது. அதைப் பார்க்க எர்மோன் போனான். அந்த நாட்களில் தோரியன் பாறையில் காது வைத்தான். அவன் பாட்டன் காலத்திலிருந்து கல்தச்சருக்குக் காதுதான் அளவுகோல். வலப்பக்கம் டொக், டொக், டொக் என்று கேட்டது.

"தெற்கு ஆட்களின் சுத்தியல் அங்கே கேட்கிறது. மணலில் கோடு போடுகிறவன் நம்மை வேறெங்கோ அனுப்புகிறான். வலப்பக்கம் திருப்புங்கடா!"

அந்தப் பக்கமாகப் பதினெட்டு முழம் வெட்டினார்கள். இரண்டு பக்கத்துக்கும் எர்மோன் அளந்து கொடுத்த முழங்கள் தீர்ந்தன. குகைகள் சந்திக்கவில்லை.

அரசன் வாள்வீரனோடு வந்தான். இரண்டு பக்கத்து ஆட்களையும் வெளியே வரச்சொல்லி நிறுத்தினான்.

"உள்ளே போய் ஒருமுறை பார்த்து வருகிறேன், மன்னா" என்றான் எர்மோன்.

"அந்தப் பக்கமாக ஓடிவிடலாம் என்றா?"

"ஓட வழி இருந்தால் என் தலை ஏன் போகப்போகிறது?"

அரசன் சிரிக்கவில்லை. எர்மோன் கல்தச்சன் பக்கம் திரும்பினான். "தோரியா, நீ போ. திரும்பிப் பார்த்துக்கொண்டே போ."

தோரியன் விளக்கோடு போனான். பத்து முழம், வெளிச்சம் இருந்தது. இன்னும் பத்து, இருந்தது. வலப்பக்கம் திருப்பிய இடம் தாண்டியதும் திரும்பினான். இருட்டு.

இருந்தாலும் அவன் தன் காதை நம்புவதை விடவில்லை. கடைசிப் பாறையில் காது வைத்தான். டொக், டொக், டொக். ஆட்கள் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். அப்படியானால் தட்டுவது யார்?

விளக்கைத் தூக்கினான். ஒரு வெடிப்புக்குள் நீர்த்துளி சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தவனை அரசன் கேட்டான். "வெளிச்சம் தெரிந்ததா?"

'தெரிந்தது' என்று சொன்னால் போதும், பிழை எர்மோனுடையதாகிவிடும். உள்ளே போய்ப் பார்த்தவர் வேறு யாருமில்லை. தோரியன் வாளைப் பார்த்தான், எர்மோனின் கழுத்தைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

"தெரியவில்லை, மன்னா. இவர் கோடு தப்பவில்லை. நான்தான் திருப்பினேன்."

"அப்படியானால் உன் தலை!"

எர்மோன் குறுக்கே வந்தான். "அந்தத் தலைக்குள்தான் திரும்பிய இடமும் வெட்டிய முழமும் இருக்கின்றன, மன்னா. அதை வெட்டிவிட்டால் நான் யாரைக் கேட்பேன்?"

அரசன் வாளை இறக்கச்சொன்னான். எர்மோன் மணலில் முக்கோணம் போட்டான். இரண்டு பக்கம் தோரியன் சொல்ல, மூன்றாவது பக்கத்தை எர்மோன் சொன்னான். "இடப்பக்கம் திரும்பு. பதினோரு முழம்."

இந்த முறை தோரியன் காது வைக்கவில்லை. இருபதாம் நாள் கடப்பாரை வெற்றிடத்தில் விழுந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரய்யா அது, இவ்வளவு தாமதமாக?"

அரசன் தன் பெயரைக் குகைவாயில் வெட்டச்சொன்னான். கடற்காற்று அதை அரித்துவிட்டது. எர்மோன் பெயரை யாரும் வெட்டச்சொல்லவில்லை. உள்ளே, வெளிச்சம் மறைகிற வளைவில், தோரியன் தானாகவே அதை ஆழமாக வெட்டினான். விளக்கோடு போகிறவர்கள் எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் அங்கே நின்று அந்தப் பெயரைப் படித்தார்கள். படித்துவிட்டு, ஒருமுறை திரும்பியும் பார்த்தார்கள்.

பிறரைச் சந்தேகிக்கிறவன் முதலில் தன் அளவுகோலைச் சந்தேகிக்க வேண்டும்.